ஐசனெர்ட்ஸில் வீடு எடுக்கும் முன்

ஆஸ்திரியாவில் லெயோபன் நகரத்துக்கு மேற்படிப்புக்கு வருவதாகவும், மலைக்கு அந்தப்பக்கம் ஐசனெர்ட்ஸில் பாதி வாடகைக்கு வீடு கிடைப்பதாகவும் எழுதி, எடுக்கலாமா, என்ன ஸ்வெட்டர் வாங்கலாம், மளிகை எங்கே என்று கேட்டிருக்கிறீர்கள். ஸ்வெட்டரும் மளிகையும் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் தம்பி. வீட்டு விஷயம் அப்படி இல்லை.

எர்ட்ஸ்பெர்க் மலையில் இரும்புத்தாது வெட்டுவதற்கென்றே வளர்ந்த ஊர் அது. 1950களில் 13,000 பேர் வரை இருந்தார்கள். இயந்திரங்கள் பெருகி ஆட்கள் குறைந்தார்கள். 1986இல் நிலத்தடிச் சுரங்கமும் நின்றது. மலைமேல் வெட்டுவது இன்றும் நடக்கிறது, ஆனால் ஊரில் 4,000 பேர்கூட இல்லை. வாடகை குறைந்தது அதனால்தான்.

நான் நவம்பர் கடைசியில் வந்து இரண்டாம் மாடியில் குடியேறினேன். மேல்வீடு, கீழ்வீடு, பக்கத்துவீடு எல்லாம் காலி. நாம் போடும் சூடு நாலு பக்கமும் கசிந்து போய்விடும். வருடக் கடைசியில் வந்த ஹீட்டிங் கணக்கில் வாடகையில் மிச்சம் பிடித்ததெல்லாம் போயிற்று. குளிருக்குப் பயந்து ஜன்னலைச் சாத்தியே சமைத்ததில் சுவரில் கறுப்பாகப் பூஞ்சை பிடித்தது. சுவர் முன்பே ஈரமாகத்தான் இருந்தது. வீட்டுக்காரர் என் சமையலைக் காரணம் காட்டி அட்வான்ஸில் பிடித்துக்கொண்டார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. மேலேயும் கீழேயும் ஆள் இருக்கிறார்களா என்று கேளுங்கள். சாவி வாங்கும் அன்றே ஒவ்வொரு சுவரையும் படம் எடுங்கள். காலையும் மாலையும் ஐந்து நிமிடம் ஜன்னலை முழுக்கத் திறந்து வையுங்கள். குடியேறி மூன்று நாளுக்குள் முகவரியைப் பதிய வேண்டும். ஞாயிறன்று கடை கிடையாது. கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வியன்னாவில் இருக்கும் நம்மவர்கள் சிலர் "அந்த மலைக்குள் மனுஷன் இருப்பானா" என்பார்கள். பத்து வருடமாகியும் எதிர்வீட்டுக்காரர் பெயர் தெரியாதவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். இங்கே சுரங்கக்காரர்களின் வணக்கம் "க்ளூக் அவுஃப்". அதைச் சொல்லித்தான் நான் பழகினேன். வகுப்பில் படித்த ஜெர்மன் இவர்கள் பேச்சுக்கு எட்டவில்லை, காதால் கேட்டே பிடித்துக்கொண்டேன். இன்று அவர்கள் பேச்சிலேயே பதில் சொல்கிறேன்.

என் அப்பா நெய்வேலிச் சுரங்கத்தில் ஷிப்ட் பார்த்தவர். தாது வெட்டி வெட்டிப் படிப்படியான எர்ட்ஸ்பெர்க்கின் பனி மூடிய படிகளை முதல் நாள் பார்த்தபோது அவர் ஞாபகம்தான் வந்தது. அங்கே படிகள் பள்ளத்துக்குள் இறங்கும், இங்கே வானத்துக்கு ஏறும். கீழ்த்தெருவில் ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளி ஒருவருக்கு நெய்வேலியின் ராட்சதச் சக்கர இயந்திரத்தைத் தாளில் வரைந்து காட்டினேன். பார்த்தவுடன் புரிந்துகொண்டு என்னை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். டிசம்பர் 4, சுரங்கக்காரர்களின் காவல் புனிதை பார்பராவின் நாள். அன்று அவர் மனைவி ஒரு செர்ரிக் குச்சியை வெட்டிக் கொடுத்து, தண்ணீரில் வை என்றார். டம்ளரில் வைத்தேன். கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால், பூஞ்சை பிடித்த அந்தச் சுவரோரம் வெள்ளையாகப் பூத்தது.