டிடிஎஸ் மீட்டரில் 350 காட்டுகிறது. எங்கள் போர் தண்ணீரை அப்படியே குடிக்கலாமா?

அந்த ஒரு எண்ணை நம்பிக் குடிக்காதீர்கள். தர்மபுரிப் பக்கம் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். இதே கேள்வியோடு நிறையப் பேர் வருகிறார்கள்.

தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதைத்தான் மீட்டர் அளக்கிறது. அதை ஒரு காரணியால் பெருக்கி, லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் கரைந்த உப்பு, அதாவது இத்தனை டிடிஎஸ் என்று காட்டும். என்ன உப்பு என்று அதற்குத் தெரியாது. கிருமி அதன் கணக்கிலேயே வராது. ஐ.எஸ். 10500 என்ற இந்தியக் குடிநீர்த் தரநிலைப்படி டிடிஎஸ் 500 வரை நல்லது, வேறு தண்ணீருக்கு வழியில்லாத ஊரில் 2000 வரை போகலாம். ஆனால் ஈ.கோலை என்ற மலக் கிருமி 100 மில்லியில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. செப்டிக் டேங்க் பக்கத்தில் போர் போட்டிருந்தால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். கூடவே நைட்ரேட், அதன் எல்லை லிட்டருக்கு 45 மில்லிகிராம்.

எங்கள் பக்கத்துத் தொல்லை ஃபுளோரைடு. லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை சரி, மிஞ்சிப் போனால் 1.5. அது 3 இருந்தாலும் நாக்குக்கும் தெரியாது, மீட்டருக்கும் தெரியாது. பிள்ளைகள் பல்லில் காவி ஏறிய பிறகுதான் பெற்றோர் ஓடி வருகிறார்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே இதற்காக வந்ததுதான். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். ஃபுளோரைடு போகாது, தண்ணீர் வற்ற வற்ற அடர்த்தி கூடத்தான் செய்யும்.

உப்பை வடிக்கும் ஆர்.ஓ. கருவி விற்க வருபவர், உங்கள் தண்ணீர் ஒன்று, ஆர்.ஓ. தண்ணீர் ஒன்று என இரண்டு டம்ளரில் கம்பிகளை விட்டு கரண்ட் கொடுத்து, உங்கள் தண்ணீர் செம்மண் நிறமாவதைக் காட்டியிருப்பாரே? அது அழுக்கு இல்லை, அவர் கொண்டுவந்த இரும்புக் கம்பி கரைந்த துரு. ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு குறைவு, கரண்ட் சரியாகப் பாயாது, அதனால் தெளிவாக நிற்கிறது. அடுத்த முறை அவருடைய ஆர்.ஓ. தண்ணீர் டம்ளரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுவிட்டு மறுபடி செய்யச் சொல்லுங்கள்!

வீட்டில் கிருமி பார்க்க ஹைட்ரஜன் சல்ஃபைடு குப்பி இருக்கிறது. 1982-ல் நம் நாட்டு விஞ்ஞானிகள் உருவாக்கிய முறை. கோடு வரை தண்ணீர் ஊற்றி மூடி வையுங்கள். ஒன்றிரண்டு நாளில் கறுத்தால் மலக் கிருமி இருக்கலாம் என்று அர்த்தம். கறுக்கவில்லை என்பதை மட்டும் வைத்து நிம்மதியாகிவிடாதீர்கள்.

மற்றதற்குக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்துக்குப் போங்கள். உப்புகளைப் பார்க்கச் சுத்தமான கேன் போதும். கிருமிக்கு அவர்கள் தரும் கிருமி நீக்கிய பாட்டில்தான் வேண்டும். குழாயின் வாயைத் தீயில் காட்டி, இரண்டு மூன்று நிமிடம் தண்ணீரை ஓடவிட்டு, மூடியின் உள்பக்கத்தில் விரல் படாமல் பிடியுங்கள். ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். ஒரு தடவை கோடையிலும் இன்னொரு தடவை மழை முடிந்ததும் பார்ப்பது நல்லது, ஏனென்றால் கிருமி பெரும்பாலும் மழைத்தண்ணீரோடுதான் இறங்குகிறது.