636001 பகா எண்ணா?

கேள்வி: சேலம் தலைமை அஞ்சலகத்தின் பின்கோடு 636001. அதை 100க்குள் இருக்கும் 25 பகா எண்களாலும் வகுத்துப் பார்த்துவிட்டேன். எதனாலும் மீதியின்றி வகுபடவில்லை. இது பகா எண் என்று எழுதிவிடலாமா ஐயா?
- பத்தாம் வகுப்பு மாணவி, செவ்வாய்ப்பேட்டை

பதில்: கொஞ்சம் பொறு அம்மா. நீ அனுப்பிய கணக்குத் தாளை வரி வரியாகப் பார்த்தேன். 25 வகுத்தலில் ஒரு பிழைகூட இல்லை. 53ஆல் வகுத்த இடத்தில் மீதி 1 வந்ததும் பென்சிலை அழுத்தி இரண்டு கோடு போட்டிருக்கிறாய். அந்த இடத்தில் எனக்கும் அடடா என்றுதான் இருந்தது.

ஆனால் நிற்க வேண்டிய இடம் 100 இல்லை. ஓர் எண் பகு எண்ணாக இருந்தால், அதன் பகாக் காரணிகளில் ஒன்றாவது வர்க்கமூலத்தைத் தாண்டாது. 797இன் வர்க்கம் 635209, 798இன் வர்க்கம் 636804. அதனால் 797 வரை போயாக வேண்டும். அதற்குள் 139 பகா எண்கள் இருக்கின்றன. அவற்றில் முதல் 117ம் கைவிரித்துவிடும். 118ஆவதாக வரும் 647தான் மீதியின்றி வகுக்கும். 647 × 983 = 636001. இரண்டுமே பகா எண்கள்.

118 வகுத்தல் போட்டால் கை ஓய்ந்துவிடும், சரி. வேறு வழி இருக்கிறது. இரண்டு எண்களின் கூடுதலையும் வித்தியாசத்தையும் பெருக்கினால், அவற்றின் வர்க்கங்களின் வித்தியாசம் வரும் என்று படித்திருப்பாய். பிரான்ஸ் நாட்டுப் பெர்மா 17ஆம் நூற்றாண்டில் அதை வைத்தே காரணி தேடினார். 798இல் தொடங்கு. அதன் வர்க்கத்தில் 636001ஐக் கழித்தால் 803; அது வர்க்க எண் இல்லை. அடுத்து 799. கழித்தால் 2400. 49இன் வர்க்கமோ 2401! ஒன்றில் தவறிப்போகிறது. விடாமல் போ. 815இன் வர்க்கம் 664225. கழித்தால் 28224, அது 168இன் வர்க்கம். அப்புறம் என்ன, 815இல் 168ஐக் கழித்தால் 647, கூட்டினால் 983. பதினெட்டே படி. ஏற்காடு ஏறும் பஸ்ஸில் உட்கார்ந்து வளைவுக்கு ஒன்றாகப் போட்டால்கூட, 20 கொண்டை ஊசி வளைவுகள் முடிவதற்குள் விடை வந்துவிடும்.

காரணிகள் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் இந்த வழி இவ்வளவு சுருக்கு. இரண்டு பகா எண்களைப் பெருக்குவது சுலபம், பிரிப்பதுதான் பாடு. 1977இல் சவாலாக வெளியான 129 இலக்க எண் ஒன்றை இப்படி இரண்டாகப் பிரிக்க 1994 வரை ஆயிற்று, அதுவும் நூற்றுக்கணக்கான கணினிகளைக் கூட்டு சேர்த்து.

கேள்வி: எங்கள் ஊர் 636601 எப்படி?
- ஏற்காடு வாசகர்

பதில்: உங்களுடையது மனக்கணக்கிலேயே உடையும். எண்ணை மும்மூன்று இலக்கமாகப் பிரித்துக் கழியுங்கள்: 636 − 601 = 35. இது 7ஆல் வகுபடுவதால் முழு எண்ணும் 7ஆல் வகுபடும்; 1001 என்பது 7 × 11 × 13 என்பதால் இப்படி. 35 என்பது 11ஆலோ 13ஆலோ வகுபடாது, ஆகவே உங்கள் பின்கோடும் வகுபடாது. 7ஆல் வகுத்தால் ஈவு 90943; அது 199 × 457.