பட்டியலில் விடுபட்ட எண்

அன்புள்ள ஐயா,

இராமானுஜனின் உயர் பகு எண்கள் பட்டியலில் 293318625600 விடுபட்டுவிட்டதாகப் படித்தேன். அதை ஹர்ஷத் எண், மிகையெண் என்றும் வகைப்படுத்துகிறார்கள். இவ்வகைப்பாடுகளால் என்ன பயன்? நாமகிரித் தாயார் கனவில் வந்து சொன்ன கணக்கில் பிழை எப்படி வரும்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சில வாரங்களாக இதே எண்ணைத்தான் ஒரு தாளில் எழுதி மேசைமேல் வைத்திருக்கிறேன். ஆகவே உடனே பதில் எழுதுகிறேன்.

ஹர்ஷத் எண் என்பதை விட்டுவிடுங்கள். இலக்கங்களின் கூட்டுத்தொகை 45, அந்த 45-ஆல் எண் மீதியின்றி வகுபடுகிறது, அவ்வளவுதான். தன்னைத் தவிர்த்த காரணிகளின் கூட்டுத்தொகை தன்னைவிடப் பெரிதாக இருந்தால் அது மிகையெண்; அதுவும் இதற்குத் தனிச்சிறப்பன்று. 6-க்கு மேற்பட்ட உயர் பகு எண்கள் எல்லாமே மிகையெண்கள்தாம். உயர் பகு எண் என்பதே இங்கு முக்கியம்: தனக்குக் கீழுள்ள எந்த எண்ணையும்விடக் கூடுதலான காரணிகளை உடையது. 18-ஐப் பாருங்கள். அதைப் பகா எண்களின் பெருக்கலாகப் பிரித்தால் 2 ஒரு முறையும் 3 இரு முறையும் வருகின்றன. எத்தனை முறை என்ற இந்த அடுக்குகளை இடம் மாற்றினால் 12 கிடைக்கிறது. இரண்டுக்கும் ஆறு காரணிகளே. சிறிய எண்ணே அத்தனை காரணிகளையும் தந்துவிடுவதால் 18 தோற்றுவிடுகிறது. ஆகவேதான் உயர் பகு எண்களில் பகா எண் பெரிதாகப் பெரிதாக அடுக்கு ஏறுவதே இல்லை.

உங்கள் எண்ணில் 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5-உம் 7-உம் இரண்டிரண்டு முறை, 11, 13, 17, 19 ஒவ்வொரு முறை வருகின்றன. ஒவ்வோர் அடுக்குடனும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் 5040 காரணிகள். வரிசையில் இதற்கு முன்னும் பின்னும் நிற்கும் 240940299600, 321253732800 ஆகிய இரண்டும் 23 வரை செல்பவை. நடுவிலுள்ள இதுவோ 19-லேயே நின்று, 7-ஐ இரு முறை எடுத்துக்கொள்கிறது. 23 வந்துவிட்ட பிறகு மீண்டும் 19-க்குத் திரும்பிப் பார்க்கத் தவறுவது கையால் கணக்கிடும் எவருக்கும் நேரக்கூடியது; இங்கும் அதுவே நேர்ந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

கனவு என்ற ஒரு சொல்லால் அந்த உழைப்பை எப்படி உங்களால் துடைத்தெறிய முடிந்தது? தம் குலதெய்வமான நாமகிரித் தாயாரிடம் இராமானுஜன் கொண்டிருந்த பக்தியை நான் மறுக்கவில்லை. ஆனால் கும்பகோணத்தில் சிலேட்டில் எழுதி எழுதி முழங்கையால் அழித்தவர், 1915-இல் வெளியான கட்டுரையில் 102 எண்களைக் காரணிகளோடு அட்டவணையிட்டவர், அதற்காக 1916-இல் கேம்பிரிட்ஜில் பட்டம் பெற்றவர், வெறும் செவிவழிச் செய்தியாளர் அல்லர். ஒன்பதாம் வகுப்பில், அவர் இவற்றை எப்படிக் கண்டுபிடித்தார் என்று கேட்டேன். “அது தெய்வ அருள், உனக்கு வராது” என்று ஆசிரியர் என்னை உட்காரவைத்தார். அதன்பின் பல ஆண்டுகள் நான் அந்தப் பக்கமே போகவில்லை. இந்த எண் விடுபட்டதை அறிந்த நாளில்தான், அவரும் அடுக்கை ஏற்றி இறக்கிப் பார்த்த மனிதர் என்பது எனக்கு உறைத்தது. அன்றிரவே தாளை எடுத்து 64-ஐ 81-ஆல் பெருக்கத் தொடங்கினேன். 5184 வரும். அங்கிருந்து 25-ஆல், 49-ஆல் என்று நீங்களே மேலே போய்ப் பாருங்கள்.