மூணு மாசமா ஓடுறேன், வேகம் கூடலையே: புதிதாக ஓட ஆரம்பித்தவர்களுக்குக் கேள்வி பதில்

வணக்கம். நான் தென்னாப்பிரிக்காவில், டர்பனில் சாட்ஸ்வர்த் பக்கம் இருக்கிறேன். வயது 57. துணி ஃபேக்டரியில் பல வருஷம் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தவள். ஓட ஆரம்பித்தபோது 43 வயது. எங்கள் ஊரின் பெரிய நெடுந்தூர ஓட்டப் பந்தயமான காம்ரேட்ஸை இரண்டு முறை முடித்திருக்கிறேன், இரண்டும் 11 மணி நேரத்துக்கு மேல். இப்போது செவ்வாய், வியாழன் விடியற்காலையில் புதிதாக வரும் பெண்களைக் கூட்டிக்கொண்டு ஓடுகிறேன். இந்த வாரம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான், ஆள்தான் வேறு. அதனால் முதல் பதில் நீளம்.

சாட்ஸ்வர்த்திலிருந்து, 36 வயது: அக்கா, மூணு மாசமா வாரம் மூணு நாள் ஓடுறேன். 5 கிலோமீட்டருக்கு முதல்ல 48 நிமிஷம் ஆச்சு, இப்போ 46. என்கூட ஆரம்பிச்ச நாத்தனார் 34-க்கு வந்துட்டா. எனக்கு ஓட்டம் வராதுன்னு விட்டுடலாமா?

விடாதே தங்கச்சி. மூன்று மாதத்தில் உன் உடம்புக்குள் நடந்திருப்பதைக் கைக்கடிகாரம் காட்டாது.

ஓட ஆரம்பித்ததும் முதலில் மாறுவது ரத்தம். ஒன்றிரண்டு வாரத்திலேயே அதன் அளவு கூட ஆரம்பிக்கும். அப்புறம் தசைக்குள் புதிதாக நுண் ரத்தக்குழாய்கள் வளரும், ஆக்சிஜனைச் சக்தியாக்கும் மைட்டோகாண்ட்ரியா பெருகும். அதற்குப் பல வாரம், மாதம் பிடிக்கும். கடைசியாகத்தான் தசைநாரும் எலும்பும் வருகின்றன. ஓட்டத்தின் அடி பட்டு, அதற்கு ஏற்ப எலும்பு தன்னைத் திருத்திக் கட்டிக்கொள்ள மாதக்கணக்காகும். ஆக நீ இன்னும் அஸ்திவாரத்தில் நிற்கிறாய், சுவர் எழும்பவில்லையே என்று அழுகிறாய்.

நான் ஆரம்பித்தபோது எங்கள் தெருவில் விளக்குக் கம்பத்தைத்தான் எண்ணினேன். மேட்டுத் தெரு அது, சாட்ஸ்வர்த்தில் சமதளம் எங்கே இருக்கிறது? முதல் நாள் இரண்டு கம்பம் ஓடினேன். மூன்றாவதில் மதில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். பக்கத்து வீட்டு ஆயா உள்ளேயிருந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அடுத்த மாதம் ஐந்து கம்பம். ஆறாவது மாதத்தில் ஒருநாள் எண்ண மறந்துபோய்த் தெருமுனைக்கே வந்துவிட்டேன். அன்றைக்குக் கடிகாரம் கட்டியிருந்தால் என் வேகத்தைப் பார்த்து வருத்தப்பட்டிருப்பேன்.

இன்னொன்றும் கேட்கிறேன். ஓடும்போது உன்னால் பேச முடிகிறதா? வீட்டுக்குப் போய் என்ன குழம்பு வைக்கப் போகிறாய், பருப்பை எப்படித் தாளிப்பாய் என்று பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியமாகச் சொல்ல வேண்டும். இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு வாங்கினால் நீ உன் தகுதிக்கு மேல் வேகமாக ஓடுகிறாய் என்று அர்த்தம். புதியவர்களில் பத்தில் எட்டுப் பேரிடம் நான் பார்த்தது இதைத்தான். எல்லா நாளும் பரீட்சை மாதிரி ஓடுகிறார்கள், எல்லா நாளும் களைத்துப்போகிறார்கள், அந்தக் களைப்பில்தான் மனசு விட்டுப்போகிறது. அடுத்த ஆறு வாரம் வேண்டுமென்றே மெதுவாக ஓடு. இரண்டு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை. நடப்பது தோல்வி இல்லை. காம்ரேட்ஸில் ஆயிரக்கணக்கானவர்கள் மேடுகளை நடந்துதான் ஏறுகிறார்கள், நானும் அப்படித்தான்.

நாத்தனார் பள்ளிக்கூடத்தில் நெட்பால் ஆடியவரா என்று கேட்டுப் பார். சிறு வயதில் ஓடிய கால் சேமிப்போடு வரும். நீ இப்போதுதான் கணக்கு திறந்திருக்கிறாய். அதிலும் இரண்டு நிமிடம் குறைத்திருக்கிறாய்.

ஃபீனிக்ஸிலிருந்து, பஸ் ஓட்டுநர்: ஷிஃப்ட் வேலை. ரெண்டு வாரம் ஒழுங்கா ஓடுவேன், அப்புறம் ஒரு வாரம் விட்டுப்போகும். மறுபடி முதல்லயிருந்தா?

இல்லை தம்பி. ஒரு வாரம் விட்டால் உடம்பு பெரிதாக எதையும் இழக்காது. இரண்டு மூன்று வாரம் தாண்டினால்தான் மூச்சில் தெரியும். விட்ட நாளை ஈடுகட்ட ஒரே நாளில் இரட்டிப்பாக ஓடுவதுதான் தப்பு. அங்கேதான் கால் போகும்.

சமையலறையில் கோயில் காலண்டர் தொங்குமே, அதில் ஓடிய நாளுக்கு ஒரு சிவப்புப் புள்ளி வையுங்கள். தூரம் வேண்டாம், நேரம் வேண்டாம், புள்ளி மட்டும். மாதத்துக்கு எட்டு விழுந்தால் போதும். என்னிடம் 14 வருஷத்துக் காலண்டரும் இருக்கிறது. அப்பா தவறிய மாதத்தில் ஒரு புள்ளிகூட இல்லை. அடுத்த மாதம் மூன்று இருக்கிறது.

லெனேஷியாவிலிருந்து: டர்பன்ல 38 நிமிஷத்துல 5 கிலோமீட்டர் ஓடினவன். வேலைக்காக ஜோஹானஸ்பர்க் வந்தேன், 42 ஆகுது. என்ன ஆச்சு எனக்கு?

உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஊர் உயரம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,700 மீட்டர் ஏறியிருக்கிறீர்கள், ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் குறைவு. சில வாரத்தில் ஓரளவு பழகும், முழுவதும் பழகாது. பொங்கலுக்கு ஊருக்கு வந்து கடற்கரையில் ஓடும்போது நேரம் பார்க்காதீர்கள், ஜனவரி இங்கே கோடை, டர்பனின் வெக்கை வேறு கணக்கு.

மெரிபேங்கிலிருந்து: ஜூலைல நல்லா ஓடினேன். டிசம்பர்லயிருந்து எல்லாம் பின்னுக்குப் போகுது.

மேலே சொன்ன வெக்கைதான். நம் ஊர்க் கோடையில் காற்றில் ஈரம் அதிகம், வியர்வை காயாது, உடம்பு குளிராது. அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாக அடிக்கும். டிசம்பர் முதல் மார்ச் வரை நேரத்தை மறந்துவிடுங்கள், வெயில் ஏறுவதற்குள் ஓடி முடியுங்கள். ஜூன் வந்ததும் அதே கால் வேறு காலாக இருக்கும். தண்ணீர் தாகத்துக்குக் குடியுங்கள். பயந்துகொண்டு பாட்டில் பாட்டிலாகக் குடித்தால் ரத்தத்தில் உப்பு குறைந்துபோகும், அது உயிருக்கே ஆபத்து.

டோங்காட்டிலிருந்து, 52 வயது: சர்க்கரை இருக்கு. மாத்திரையும் இன்சுலினும். டாக்டர் நடக்கச் சொன்னார், நான் ஓட ஆசைப்படுறேன். ஆறு மாசமாகியும் எடை ரெண்டு கிலோதான் குறைஞ்சிருக்கு.

அண்ணே, முதலில் டாக்டரிடம் "ஓடலாமா" என்று தனியாகக் கேளுங்கள். இன்சுலின் போடுபவருக்கு ஓட்டத்தின்போதும், முடித்துப் பல மணி நேரம் கழித்தும்கூடச் சர்க்கரை இறங்கலாம். ஓடுவதற்கு முன் குத்திப் பாருங்கள். பாக்கெட்டில் குளுக்கோஸ் மிட்டாய் இல்லாமல் வாசலைத் தாண்டாதீர்கள். கை நடுக்கம், குப்பென்று வியர்வை, தலைச்சுற்றல் வந்தால் நின்று சாப்பிடுங்கள், "இன்னும் ஒரு கம்பம்" வேண்டாம். பாதத்தை இரவில் விளக்கடியில் பாருங்கள். கொப்புளம் வந்தாலும் உங்களுக்கு வலி தெரியாமல் இருக்கலாம்.

எடையை அளவுகோலாக வைக்காதீர்கள். அது ஓட்டத்தைவிடச் சாப்பாட்டின் பேச்சைத்தான் கேட்கும். மூன்று மாதச் சர்க்கரை அளவு இருக்கிறதே, எச்பிஏ1சி, அந்தப் பழைய சீட்டையும் புதிய சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். என் தங்கை இதே வியாதிக்காரி. அவள் எடை ஒரு வருஷம் அசையவில்லை, அந்த எண் இறங்கியது. நம் குடும்பங்களில் இந்த வியாதி எத்தனை கால்களை வாங்கியிருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததா? நீங்கள் ஆறு மாதம் விடாமல் போயிருக்கிறீர்கள், எனக்கு அது பெரிய விஷயம்.

பெயர் வேண்டாம் என்றவர்: தெருவில் ஓடினா பையன்க சிரிக்கிறாங்க. "இந்த வயசுல எதுக்கு"ன்னு மாமியார் கேக்குறாங்க. வெட்கத்துலயே நின்னுடுறேன். தனியா ஓடவும் பயம்.

பயத்துக்கு முதலில் பதில் சொல்கிறேன், அது நியாயமான பயம். தனியாக ஓடாதே. இருட்டில் ஓடாதே, கரண்ட் போய்த் தெருவிளக்கு அணைந்த காலையில் கட்டாயம் வேண்டாம். இரண்டு பேர் கிடைத்தாலும் போதும். யாரும் கிடைக்காவிட்டால் சனிக்கிழமை எல்லோரும் சேர்ந்து ஓடும் பார்க்ரன் இருக்கிறது. 5 கிலோமீட்டர், காசு இல்லை. ஒரு தடவை பதிவு செய்து பார்கோடை அச்செடுத்து வைத்துக்கொண்டால் எந்த ஊரிலும் ஓடலாம், நடக்கலாம். 2004-இல் லண்டனில் தொடங்கியது. இங்கே அதைக் கொண்டுவந்தவர் காம்ரேட்ஸை ஒன்பது முறை வென்ற புரூஸ் ஃபோர்டைஸ்.

அங்கே கடைசியாக வருவதற்கென்றே ஒரு தொண்டர் இருப்பார். அவருக்குப் பின்னால் யாரும் வர முடியாது. நான் அந்த வேலை பார்த்திருக்கிறேன். ஒரு காலை, சல்வார் போட்ட ஒரு அம்மா, ஐந்து கிலோமீட்டரும் என்கூட நடந்தார். பாதி தூரம் பேசவே இல்லை. கடைசி வளைவில் கடல் காற்றில் துப்பட்டா பறக்க, அதை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு நாற்பது அடி ஓடினார். அவ்வளவுதான் ஓட்டம். அடுத்த சனிக்கிழமை மகளோடு வந்தார்.

மாமியாரிடம் வாதாடாதே. தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிற வீடுதானே உங்களுடையது? பத்து நாள் விரதம் இருந்து, வெறுங்காலோடு வெயிலில் நடக்கும்போது யாரும் "இந்த வயசில் எதுக்கு" என்று கேட்பதில்லை. அவரைக் கடற்கரைக்குக் கூட்டிவந்து பெஞ்சில் உட்காரவை, ஒரு பிளாஸ்க் டீயோடு. எங்கள் வீட்டில் அப்படித்தான் மாறியது.

வெருலத்திலிருந்து: கணைக்கால் எலும்பு ஓரமா வலி. வலியோட ஓடிப் பழகணுமா?

கூடாது. எலும்பு நெடுகப் பரவலாக வலித்து, ஓய்வில் குறைந்தால் அது கூடுதல் ஓட்டத்தால் வந்தது. ஒன்றிரண்டு வாரம் நடையாக மாற்றிக்கொண்டு, பழைய தூரத்தில் பாதியிலிருந்து ஏறுங்கள். ஒரே புள்ளியில் விரல் வைத்தால் குத்துகிறது, ராத்திரி படுத்தாலும் வலிக்கிறது என்றால் எலும்பில் கீறல் விழுந்திருக்கலாம். அதற்கு டாக்டரிடம்தான் போக வேண்டும், என்னிடம் இல்லை.

ஷால்கிராஸிலிருந்து: விலை உயர்ந்த ஷூ வாங்கினா வேகம் கூடுமா?

புதியவர்களுக்குப் பெரிதாகக் கூடாது. கால் நுனிக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருக்கிற, கடைக்குள் ஓடிப் பார்த்தால் உறுத்தாத ஜோடி போதும்.

கிளேர் எஸ்டேட்டிலிருந்து: புரட்டாசி விரதத்துல கறி மீன் கிடையாது. சக்தி குறையுமா?

பருப்பு, பீன்ஸ், தயிர், சோறு இருக்கும்போது எப்படிக் குறையும்? நான் புரட்டாசி முழுவதும் ஓடுவேன். வெறும் வயிற்றில் ஒருவேளை விரதம் இருக்கிற நாளில் மட்டும் நடையோடு நிறுத்திக்கொள்வேன்.

சாட்ஸ்வர்த்திலிருந்து, 29 வயது: அக்கா, இவ்வளவு மெதுவா ஓடுற நான் காம்ரேட்ஸ்னு நினைச்சாலே சிரிப்பாங்க. உண்மையைச் சொல்லுங்க, முடியுமா?

உண்மையைச் சொல்கிறேன். இந்த வருஷம் முடியாது, அடுத்த வருஷமும் வேண்டாம். ஏறக்குறைய 90 கிலோமீட்டர், 12 மணி நேரக் கெடு. அதற்குத் தகுதி பெறவே ஒரு முழு மராத்தானைக் குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டும். மூன்று நான்கு வருஷம் விடாமல் ஓடினால், அப்போது என்னிடம் திரும்பக் கேள்.

ஆனால் "மெதுவா" என்கிற சொல்லை எனக்காகக் கொஞ்சம் தள்ளி வை. 1921-இல் முதல் காம்ரேட்ஸில் கிளம்பியவர்கள் 34 பேர், முடித்தவர்கள் 16 பேர். ஜெயித்த பில் ரோவனுக்கு ஆன நேரம் 8 மணி 59 நிமிடம். இன்று ஆபீஸ் வேலை பார்க்கிறவர்கள் எத்தனையோ பேர் அதைவிடச் சீக்கிரம் வருகிறார்கள். 1989-இல் வாலி ஹேவர்ட் தன் 80-ஆவது வயதில் அன்றைய கெடு முடிய இரண்டு நிமிடம்கூட இல்லாதபோது வந்து சேர்ந்தார். அதற்கு முன் ஐந்து முறை அதை வென்றவர் அவர். மக்கள் இன்றைக்கும் எழுந்து நின்று பேசுவது அந்தக் கடைசி ஓட்டத்தைப் பற்றித்தான்.

இன்னொன்று. 1975 வரை பெண்களுக்கும், வெள்ளையர் அல்லாத யாருக்கும் அந்த ஓட்டத்தில் அதிகாரபூர்வமாக இடம் கிடையாது. எங்கள் குடும்பம் கேட்டோ மேனரில் இருந்த நாளில் அப்பா இளைஞர், நல்ல ஓட்டக்காரர். நிறவெறி அரசு எங்களைச் சாட்ஸ்வர்த்துக்குப் பெயர்த்த பிறகும் ஒவ்வொரு வருஷமும் காம்ரேட்ஸ் கடந்துபோகும் ஷெர்வுட் பக்கம் போய்ச் சாலையோரம் நிற்பார். ஆரஞ்சுப் பழத்தை உரித்து, வருகிறவர்களுக்கு நீட்டுவார். கதவு திறந்தபோது அவருக்கு வயது போயிருந்தது, வீட்டில் நாங்கள் ஐந்து பிள்ளைகள். நான் முதல் முறை அந்த இடத்தைக் கடந்தபோது பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது, தொடை இரண்டும் கட்டை மாதிரி. அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உரித்த ஆரஞ்சு கையில் இருந்தது. "மெதுவாப் போம்மா, நேரம் இருக்கு" என்றார்.

செவ்வாய்க்கிழமை வா. ஐந்தே கால் மணிக்குக் கோயில் வாசலில் இருப்போம். பழைய ஷூ போதும்.