மருந்துக்கு அடங்காத சால்மொனெல்லா

கேள்வி: ஆன்டிபயாடிக் கொடுத்து வளர்த்த கால்நடைகளின் இறைச்சியை உண்பதால் நம் உடலும் அந்த மருந்துக்குப் பழகிவிடுகிறது என்றும், அதனால்தான் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சால்மொனெல்லா பாக்டீரியாவின் தொற்றுக்கு மருந்து வேலை செய்வதில்லை என்றும் சொல்கிறார்களே, உண்மையா?

பதில்: பாதி சரி, பாதி தவறு. தவறான பாதியை முதலில் பார்த்துவிடலாம். மருந்துக்குப் பழகுவது உடல் அன்று, பாக்டீரியாதான். இறைச்சியிலோ பாலிலோ எஞ்சியிருக்கும் மருந்து வேறொரு சிக்கல். அதைத் தவிர்க்கவே, மருந்தை நிறுத்தி இத்தனை நாள் கழித்துத்தான் விலங்கை அறுக்கலாம், பாலை விற்கலாம் என்று விதி வைத்திருக்கிறார்கள். மருந்து சிறிதும் எஞ்சாத இறைச்சியிலும் மருந்துக்கு அடங்காத சால்மொனெல்லா இருக்கக்கூடும்.

இனி சரியான பாதி. கோழி, பன்றி, மாடு ஆகியவற்றின் குடலில் இந்தப் பாக்டீரியா எந்த நோய்க்குறியும் காட்டாமலே தங்கியிருக்க வல்லது. எடை விரைவாகக் கூட வேண்டும் என்று குறைந்த அளவு ஆன்டிபயாடிக்கை வாரக்கணக்கில் தீவனத்தோடு சேர்க்கும்போது, அதற்கு மடிபவை மடிய, தற்செயலான மரபணு மாற்றத்தாலோ பிற பாக்டீரியாவிடமிருந்து பெற்ற மரபணுவாலோ தப்பிய சில, காலியான இடத்தில் பெருகுகின்றன. இம்மரபணுக்கள் பெரும்பாலும் பிளாஸ்மிட் எனப்படும் சிறு டிஎன்ஏ வளையங்களில் இருக்கும். ஒரு பாக்டீரியா அவ்வளையத்தின் நகலைத் தன் இனமே அல்லாத மற்றொன்றுக்கும் கொடுத்துவிடும். ஒரே வளையத்தில் நான்கைந்து மருந்துகளுக்கான எதிர்ப்பு சேர்ந்திருப்பதுண்டு என்பதால், பண்ணையில் டெட்ராசைக்ளின் மட்டுமே கொடுத்தாலும், அங்கே ஒருபோதும் கொடுக்கப்படாத ஆம்பிசிலினுக்கான எதிர்ப்பும் கூடவே நிலைத்துவிடலாம். விவரம் அறிந்த பண்ணையாளர்கள்கூடக் கணக்கில் எடுத்துக்கொள்ளாதது இதைத்தான்.

கேள்வி: அப்படியானால் பண்ணைகளில் மருந்தை நிறுத்தினால் எதிர்ப்பு மறைந்துவிடுமா?

பதில்: சில இடங்களில் கண்கூடாகக் குறைந்திருக்கிறது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில், குஞ்சு பொரிப்பதற்கு முன்பே முட்டைக்குள் செஃப்டியோஃபர் என்ற மருந்தைச் செலுத்தும் வழக்கம் இருந்தது. அது மனிதருக்குத் தரப்படும் மருந்து அன்று; ஆனால் கடுமையான சால்மொனெல்லா தொற்றில் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மருத்துவர்கள் நம்பியிருக்கும் செஃப்ட்ரையாக்சோனின் நெருங்கிய உறவு. ஒன்றை வெல்லக் கற்ற பாக்டீரியா மற்றதையும் வெல்லும். 2005 பிப்ரவரியில் பொரிப்பகங்கள் தாமாகவே அவ்வழக்கத்தை நிறுத்தின. அதன்பின் கடைக் கோழி இறைச்சியில் மட்டுமன்றி, நோயாளிகளிடமிருந்து எடுத்த சால்மொனெல்லா ஹைடல்பெர்க் வகையிலும் எதிர்ப்பு வெகுவாகச் சரிந்தது. 2007இல் மருந்து ஓரளவு திரும்பியபோது எதிர்ப்பும் திரும்ப ஏறியது. பண்ணைக்கும் மனிதரின் நோய்க்கும் தொடர்பில்லை என்று வாதிடுவோருக்கு இதைவிட நேரான மறுமொழி எனக்குத் தெரியாது.

ஆனால் எல்லா வகையும் இப்படி இறங்கி வருவதில்லை. 1990களில் பல நாடுகளில் பரவிய டிடி104 என்ற சால்மொனெல்லா வகை ஆம்பிசிலின், குளோராம்பெனிகால், ஸ்ட்ரெப்டோமைசின், சல்ஃபோனமைடு, டெட்ராசைக்ளின் ஆகிய ஐந்து மருந்துகளையும் எதிர்த்தது. அதன் எதிர்ப்பு மரபணுக்கள் கழன்றுபோகக்கூடிய வளையத்தில் இல்லாமல், பாக்டீரியாவின் முதன்மை டிஎன்ஏவான குரோமோசோமிலேயே பதிந்திருந்ததால், மருந்தின் நெருக்கடி விலகினாலும் அவ்வகை அவற்றை எளிதில் இழப்பதில்லை.

கேள்வி: வயிற்றுப்போக்கு வந்தவுடன் ஆன்டிபயாடிக் எடுத்துக்கொண்டால் சால்மொனெல்லா முற்றாமல் தடுக்கலாம் அல்லவா?

பதில்: வேண்டாம். உடல்நலம் உள்ள பெரியவர்களுக்கு இந்நோய் நான்கு முதல் ஏழு நாட்களில் தானாகவே அடங்கும்; இழந்த நீரையும் உப்பையும் ஈடுகட்டுவதே சிகிச்சை. ஆன்டிபயாடிக் எடுத்தால் பாக்டீரியா மலத்தில் வெளியேறும் காலம் நீளவும் கூடும். கைக்குழந்தைகள், முதியவர்கள், எதிர்ப்பாற்றல் குன்றியவர்கள், தொற்று இரத்தத்தில் கலந்தவர்கள் ஆகியோருக்கு மருந்து தேவைப்படலாம். அதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். 1983இல் அமெரிக்காவில் மாட்டிறைச்சி வழியாக எதிர்ப்புடைய சால்மொனெல்லா தொற்றிய 18 பேரில் 12 பேர், நோய் வருவதற்குச் சற்று முன்புதான் வேறு உபாதைகளுக்காகப் பென்சிலின் வகை மருந்து உண்டிருந்தார்கள். குடலில் இருந்த நல்ல பாக்டீரியாக்களை மருந்து அகற்ற, வந்தேறிக்கு இடம் கிடைத்தது.

டைஃபாய்டை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அதுவும் ஒரு சால்மொனெல்லாவே எனினும் மனிதரிடம் மட்டுமே வாழ்வது. அதற்கு ஆன்டிபயாடிக் கட்டாயம் வேண்டும். 2016 முதல் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் பரவிய டைஃபாய்டுக்கு, வாய்வழி மருந்துகளில் அஸித்ரோமைசினைத் தவிர வேறெதுவும் ஏறத்தாழ மிஞ்சவில்லை. அங்கே குற்றவாளி கால்நடை அன்று.

கேள்வி: எதிர்ப்புப் பெற்ற பாக்டீரியா சமைத்தால் சாகுமா?

பதில்: சாகும். மருந்தைத் தாங்குவதற்கும் சூட்டைத் தாங்குவதற்கும் தொடர்பில்லை. கோழி இறைச்சியின் உட்பகுதி 74 டிகிரி செல்சியஸைத் தொட்டால் இரு வகையும் ஒன்றுபோலவே மடியும். பச்சை இறைச்சியை வெட்டிய பலகையைக் கழுவாமல், அதிலேயே சமைக்காது உண்ணும் காய்கறியை நறுக்கினால் அந்தச் சூட்டினால் பயனில்லை. இறைச்சியைக் குழாயடியில் அலசுவதும் வேண்டாத வேலை; தெறிக்கும் நீர் பாக்டீரியாவைச் சுற்றிலும் பரப்பும்.