சிவப்புச் சட்டைக்காரன் நான், ஜேடிதியை ஏன் மதிக்கிறேன்

கேள்வி: உங்கள் அணிக்குப் பரம எதிரி என்று நீங்கள் நினைக்கும் ஓர் அணியின் வெற்றியை, மனசு ஒப்பாவிட்டாலும் மதித்தது உண்டா?

உண்டு. ஜேடிதி. முழுப்பெயர் ஜொகூர் டாருல் தக்சிம். மலேசியாவில் காற்பந்து பார்க்கிற யாருக்கும் விளக்கம் தேவையில்லை. வெளிநாட்டில் இருந்து படிப்பவர்களுக்கு மட்டும் ஒரு வரி: 2014 தொடங்கி 2024-25 வரை நாட்டின் முதல்நிலை லீக்கான சூப்பர் லீக் பட்டத்தைத் தொடர்ந்து 11 முறை வென்ற அணி இது. நடுவில் ஒரு வருடம்கூட யாருக்கும் விட்டுக் கொடுக்கவில்லை.

நான் சிலாங்கூர் ரசிகன். ஊர் பெஸ்தாரி ஜெயா. 2007 வரை பத்தாங் பெர்ஜுந்தை என்று இருந்த ஊர். வயதானவர்கள் இன்றைக்கும் பழைய பெயரைத்தான் சொல்வார்கள். சுற்றிலும் ஒரு காலத்தில் பால்மரம், இப்போது கண்ணுக்கு எட்டிய தூரம் செம்பனை. எங்கள் தோட்டத்தில் பிறந்த பிள்ளை எந்த அணியை ஆதரிப்பது என்று யோசித்ததே கிடையாது. சிவப்பும் மஞ்சளும்தான். அப்பா காலத்தில் லயத்து வாசலில் வானொலியைச் சுற்றி உட்கார்ந்து மலேசியக் கிண்ண இறுதியாட்டம் கேட்பார்களாம். மொக்தார் டஹாரி, சந்தோக் சிங், கோல் வாசலில் ஆர். ஆறுமுகம். நீண்ட கைகளுக்காக 'ஸ்பைடர்மேன்' என்று நாடே அழைத்த மனிதர். அவர் 1988-இல் சாலை விபத்தில் இறந்தபோது தோட்டத்தில் பல வீடுகளில் சொந்த வீட்டுச் சாவு போல இருந்தது என்று அம்மா சொல்லுவார். மலேசியக் கிண்ணத்தை 33 முறை வென்ற அணி எங்களுடையது. வேறு எந்த அணியும் அதற்குப் பக்கத்தில்கூட இல்லை.

ஜொகூர் மேல் கோபம் 1991-இலேயே ஆரம்பித்துவிட்டது. அந்த வருடம் மலேசியக் கிண்ண இறுதியில் எங்களை 3-1 என்று அடித்தார்கள். லீக் பட்டமும் அவர்களுக்கே போனது. ஆனால் அந்த ஜொகூர் வேறு. வந்தார்கள், ஜெயித்தார்கள், பிறகு காணாமல் போனார்கள். இப்போதைய ஜொகூரின் கதை 2012-இல் பட்டத்து இளவரசர் துங்கு இஸ்மாயில் மாநிலக் காற்பந்துச் சங்கத்தின் பொறுப்பை ஏற்றதில் தொடங்குகிறது. அடுத்த வருடமே ஜேடிதி என்ற பெயர் வந்தது. எங்கள் சாஃபிக் ரஹிம் அங்கே போனார். ஸ்பெயினிலிருந்து டேனியல் குவிசா வந்தார், 2014-இல் அர்ஜென்டினாவின் பாப்லோ ஐமார் வந்தார். தொலைக்காட்சியில் மட்டுமே நாங்கள் பார்த்த ஆட்கள் அவர்கள். எங்கள் ஊர் ஒட்டுக்கடையில் அன்று ஒரே பேச்சுதான்: "எல்லாம் காசு. காசு தீர்ந்தால் கதையும் தீர்ந்தது."

காசு பெரிய காரணம்தான், இதை நான் மறுக்கவே மாட்டேன். ஆனால் இந்த நாட்டில் காசு செலவழித்தது ஜேடிதி மட்டுமா? எத்தனை மாநில அணிகள் கோடிக்கணக்கில் கொட்டியிருக்கின்றன! நட்சத்திரத்தை வாங்குவார்கள், ஒரு கிண்ணம் வரும், இரண்டாம் வருடம் சம்பளப் பாக்கி, மூன்றாம் வருடம் ஆட்டக்காரர்கள் புகார் கொடுக்க வரிசையில் நிற்பார்கள். மலேசியக் காற்பந்தில் சம்பளப் பாக்கி என்பது மழைக்காலம் மாதிரி, வருடா வருடம் வரும். ஜொகூரிலிருந்து அப்படி ஒரு செய்தியை நான் படித்ததில்லை. குடும்பம் வைத்திருக்கிற ஓர் ஆட்டக்காரனுக்கு அதுதான் முதல் மரியாதை. முதல் தேதி சம்பளத்தை நம்பி வாழ்ந்த தோட்டத்துக்காரனுக்கு இது நன்றாகவே புரியும்.

சரி, எனக்கு உண்மையில் எங்கே மனசு மாறியது என்றால், புல்லைப் பார்த்துத்தான்.

என் தங்கையைக் குளுவாங்கில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளை அசல் ஜொகூர்க்காரர், வீட்டுக் கதவில் நீலக் கொடி பறக்கும். ஒருமுறை அவர்கள் வீட்டுக்குப் போனபோது, "வாங்க மச்சான், ஒரு தடவை வந்து பாருங்க, அப்புறம் திட்டுங்க" என்று இஸ்கண்டார் புத்ரிக்குக் கூட்டிப் போனார். சுல்தான் இப்ராஹிம் அரங்கம் 2020-இல் திறந்தது. 40,000 பேர் உட்காரலாம். வாழை இலையின் வடிவத்தை மனத்தில் வைத்துக் கட்டியது என்பார்கள். கட்டடம் அழகுதான். ஆனால் என் கண் திடலில்தான் நின்றது.

நான் தோட்டத்தில் வெளிக்கள வேலை பார்க்கிறவன். மண்ணும் வடிகாலும் என் தொழில். நம் நாட்டு மழைக்கு ஒரு சமமான தரை எத்தனை சீக்கிரம் சேறாகும் என்று எனக்குத் தெரியும். இங்கே பெரும்பாலான திடல்களில் இருப்பது அகல இலைப் புல், செம்பனைக்கு அடியில் நிழலில் தானாகப் படருகிற அதே வகை. வெட்டினால் மேடு பள்ளம் தெரியும், மழை பெய்தால் பந்து நின்றுவிடும். கீழே பந்தை உருட்டி ஆடக் கற்றுக்கொடுத்த பையனும் அந்தத் தரையில் தூக்கித்தான் அடிப்பான். இவர்கள் பழைய லார்க்கின் அரங்கில் ஆடிய காலத்திலேயே சோய்சியா என்ற மெல்லிய இலைப் புல்லைக் கொண்டு வந்தார்கள். புது அரங்கிலும் அதுதான். நாங்கள் போன அன்று சாயங்காலம் நல்ல மழை. ஆட்டம் தொடங்கும்போது தரையில் தேங்கிய நீர் இல்லை. பந்து ஒரே வேகத்தில் ஓடியது. அந்தப் புல்லுக்குப் பின்னால் தினமும் யாரோ வெட்டுகிறார்கள், உரம் போடுகிறார்கள், வடிகாலைப் பார்க்கிறார்கள். கிண்ணத்துடன் எடுக்கிற படத்தில் அந்த ஆட்கள் யாரும் வர மாட்டார்கள். நாளை ஆட்டம் என்று இன்றைக்குப் புல் வெட்டுகிற ஊரில் வாழ்ந்து பழகிய எனக்கு, அதைப் பார்த்துப் பொறாமையும் வந்தது, மரியாதையும் வந்தது.

எங்கள் ஷா ஆலாம் அரங்கை நினைத்துப் பாருங்கள். 1994-இல் திறந்தபோது கிட்டத்தட்ட 80,000 பேர் உட்காரும் அரங்கம், நாட்டின் பெருமை. எங்கள் ஊரிலிருந்து பஸ் பிடித்துக் கூட்டம் கூட்டமாகப் போவோம். பராமரிப்பு தேய்ந்தது, கூரை பழுதானது, அப்புறம் மூடினார்கள். 2024-இல் இடிக்கும் வேலை ஆரம்பமானது. புதிது வருமாம், வரட்டும். ஆனால் அந்த இடைவெளியில் வளர்ந்த பிள்ளைகளுக்குச் சிலாங்கூரின் வீடு எது என்றே தெரியாது.

ஆசியப் போட்டிகளைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதில் முடியாது. 2015 அக்டோபர் 31, தஜிகிஸ்தானின் துஷான்பே. ஏஎஃப்சி கிண்ண இறுதியில் இஸ்திக்லோல் அணியை அவர்கள் ஊரிலேயே 1-0 என்று ஜேடிதி வென்றது. கோல் லியாண்ட்ரோ வெலாஸ்குவெஸ். அந்தக் கிண்ணத்தை வென்ற முதல் தென்கிழக்காசிய அணி. அரையிறுதியில் குவைத்தின் அல்-காட்சியாவிடம் முதல் ஆட்டத்தில் தோற்றிருந்தார்கள். குவைத் சங்கத்தை ஃபிஃபா இடைநீக்கம் செய்ததால் இரண்டாம் ஆட்டம் நடக்காமலே இறுதிக்குப் போனார்கள். எங்கள் பக்கத்து ஆட்கள் இதைச் சொல்லிச் சொல்லி ஆறுதல் தேடினார்கள். ஆனால் இறுதியாட்டம் ஆடித்தான் ஜெயிக்கப்பட்டது. அந்த அணியில் எஸ். குணாளன் இருந்தார். 2010-இல் கே. ராஜகோபால் பயிற்சியில் தென்கிழக்காசிய நாடுகளுக்கான சுசுகி கிண்ணம் வென்ற தேசிய அணியிலும் ஆடியவர், எங்கள் சிவப்புச் சட்டையையும் போட்டவர். ஜொகூரில் பல வருடம் நிலைத்து ஆடினார். தோட்டத்துப் பையன்கள் பலர் அவருக்காகவே ஜேடிதி ஆட்டத்தைப் பார்த்தார்கள். எனக்கு அது அன்று வலித்தது.

2019 மே மாதம் லார்க்கினில் நடந்தது அதைவிடப் பெரிது. ஜப்பானின் காஷிமா அன்ட்லர்ஸ், அதற்கு முந்தைய வருடம் ஆசியாவின் சாம்பியன். அவர்களை 1-0 என்று அனுப்பினார்கள். அன்றைக்கு எங்கள் ஊர் மாமாக் கடையில் சிலாங்கூர்க்காரர்களும் எழுந்து நின்றோம். யாரும் யாரையும் கேலி செய்யவில்லை. ஒரு மலேசிய அணி ஜப்பான்காரனைப் பயப்படாமல் அழுத்துவதை நாங்கள் எத்தனை வருடம் கழித்துப் பார்க்கிறோம்! 2022 ஆசிய சாம்பியன்ஸ் லீக்கில் தென்கொரியாவின் உல்சானை இரண்டு ஆட்டத்திலும் 2-1 என்று வென்று, குழுவில் முதலிடம் பிடித்தார்கள். ஜப்பானின் கவாசாகியிடம் ஒரு ஆட்டத்தில் 5-0 என்று அடி வாங்கியும் அந்த முதலிடம் கைவிட்டுப் போகவில்லை. அடுத்த சுற்றில் இன்னொரு ஜப்பான் அணியான உராவாவிடம் மறுபடி 5-0. அந்தத் தோல்வியை மறைக்க நான் விரும்பவில்லை, நமக்கும் அவர்களுக்கும் இன்னும் உள்ள தூரம் அது. ஆனால் அந்தத் தூரத்தை அளக்கவாவது அங்கே போய் நிற்கிற அணி ஒன்று வேண்டுமே.

இன்னொன்று சொல்ல வேண்டும், எழுதும்போதே தொண்டை அடைக்கிறது. மலேசிய இந்தியக் காற்பந்துச் சங்கத்தின், அதாவது மிஃபாவின், அணி ஒன்று அன்றைய இரண்டாம்நிலை லீக்கான மலேசிய பிரிமியர் லீக்கில் ஆடி மேலேறி, 2019-இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் சூப்பர் லீக்குக்கு வந்தது. நம் பிள்ளைகளின் பெயர்கள் முதல் பதினொன்றில் வரிசையாக வருவதைப் பார்த்தோம். 2022-இல் வெளிநாட்டு ஆட்டக்காரரே இல்லாமல் அந்தப் பருவம் முழுதும் ஆடினார்கள். வருட முடிவில் அணி லீக்கிலிருந்து விலகிக்கொண்டது. அதே 2022-இல்தான் ஜேடிதி பருவத் தொடக்கத்து சும்பாங்சே கிண்ணம், எஃப்.ஏ. கிண்ணம், லீக், மலேசியக் கிண்ணம் என்று நான்கையும் அள்ளியது. மலேசியக் கிண்ண இறுதியில் 2-1 என்று தோற்றவர்கள் நாங்கள். அந்த வருடம் ஜொகூர் மேல் கோபப்பட எனக்குத் தெம்பில்லை. நம் அணி போனதற்கு அவர்கள் காரணம் இல்லை. ஓர் அணியை வருடக்கணக்கில் உயிரோடு வைத்திருப்பதே எவ்வளவு கடினம் என்பது அப்போதுதான் என் கண்ணுக்கு நேராகத் தெரிந்தது. ஜேடிதிக்கு இரண்டாம் அணி இருக்கிறது, இளையோர் அணிகள் இருக்கின்றன. ஒருவர் காயப்பட்டால் உள்ளே வருகிறவருக்கு ஆட்டமுறை ஏற்கனவே தெரிந்திருக்கிறது.

இளையோர் என்றதும் அரிஃப் ஐமான் ஞாபகத்துக்கு வருகிறார். வலது ஓரத்தில் பந்தை வாங்கியதும் எதிரே நிற்கிறவர் பின்வாங்க ஆரம்பித்துவிடுவார். ஆண்டுக்கு ஆண்டு லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்குப் போகிறது, போக வேண்டியதுதான். என் தங்கை மகனின் சட்டையில் அவர் பெயர்தான். சிலாங்கூர்ச் சட்டை ஒன்றும் நான் வாங்கிக் கொடுத்திருக்கிறேன், அதையும் போடுகிறான், பள்ளி விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கு வரும்போது மட்டும்.

எனக்குப் பிடிக்காததும் உண்டு. பாதிப் பருவத்திலேயே பட்டம் யாருக்கு என்று தெரிந்துவிடுகிற லீக்கை யார் ஆசையாகப் பார்ப்பார்? 2023-இலும் 2024-25-இலும் நாங்கள் இரண்டாமிடம். அந்த இரண்டாமிடத்தைக் கொண்டாட எனக்கு மனசு வரவில்லை. எங்கள் கடைசி லீக் பட்டம் 2010, கடைசி மலேசியக் கிண்ணம் 2015. இந்த ஆதிக்கம் உடைய வேண்டும், அதை உடைப்பது சிலாங்கூராக இருக்க வேண்டும். இதில் எனக்குத் துளியும் மாற்றமில்லை. ஆனால் அவர்கள் சரிந்து விழுந்து அது நடக்கக் கூடாது. நாங்கள் அவர்கள் உயரத்துக்கு ஏறி நடக்க வேண்டும்.

2024 ஆகஸ்டில் எஃப்.ஏ. கிண்ண இறுதி, கோலாலம்பூரின் புக்கிட் ஜாலில் அரங்கம். ஜேடிதி 6, சிலாங்கூர் 1. என்னுடன் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பாதியிலேயே எழுந்து போனார்கள். நான் கடைசி வரை பார்த்தேன். கிண்ணம் கையில் வந்ததுபோல் ஆன பிறகும் பந்தை இழந்தவுடன் திரும்பி ஓடினார்கள். யாரும் நடக்கவில்லை, யாரும் நேரத்தைக் கடத்தவில்லை. எங்களை அவமானப்படுத்த ஆடியதாக எனக்குத் தோன்றவில்லை, அவர்கள் எப்போதும் ஆடுகிற மாதிரிதான் ஆடினார்கள். ஆட்டம் முடிந்ததும் மாப்பிள்ளைக்கு நானே போன் போட்டு வாழ்த்துச் சொன்னேன். அவர் சத்தம் போட்டுச் சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. "மச்சான், சிலாங்கூர் நல்லா இருந்தாத்தான் எங்களுக்கும் ஆட்டம். பலமா வாங்க" என்றார். வருவோம் மாப்பிள்ளை என்றேன்.

இப்போதும் அவர்கள் ஆசியாவில் ஆடினால் ஜொகூர் பக்கம் நிற்பேன். எங்களுடன் ஆடினால், அந்த தொண்ணூறு நிமிடத்துக்கு மாப்பிள்ளையின் போனை எடுக்க மாட்டேன்.