ஹைவ்ல இண்டெக்ஸ் எப்படிப் போடறதுன்னு கேட்ட அண்ணாவுக்கு

ஆரக்கிள் டேட்டாபேஸ்ல 12 வருசம் வேலை பாத்துட்டு இப்ப ஹைவ்ல (பல மெசின்ல பிரிச்சு வெச்ச பெரிய டேட்டாவுல எஸ்க்யூஎல் ஓட்டற டூலு) ஒத்த ஆர்டர் நம்பர் தேடுனா 20 நிமிசம் ஆகுதுன்னு சொல்லீருக்கீங்க. இண்டெக்ஸ் போட முடியாதுங்ணா, ஹைவ் 3.0லயே அதைத் தூக்கிட்டாங்க.

நம்ம ஈரோட்டு மஞ்ச குடோன நெனச்சுக்கோங்க, மூட்டைக்கு மூட்டை நம்பர் போட்டு நோட்டு வெச்சிருந்தா அது ஆரக்கிள், அந்த நோட்டுதான் இண்டெக்ஸ், இங்க நோட்டே கெடையாது, தேதிவாரியா ரூம் ரூமா அடுக்கியிருக்கு, அதான் பார்ட்டிசன், நெசமாவே தேதிக்கு ஒரு ஃபோல்டர்தான். குவெரியோட WHERE கண்டிசன்ல தேதி இல்லீன்னா அத்தனை ரூமையும் தொறந்து பாக்கும், பின்ன 20 நிமிசம் ஆகாம என்னங் பண்ணும்?

தேதியும் சேத்துக் குடுங்க. ஃபைல் சிஎஸ்வியா இருந்தா ஓஆர்சிங்கற (ORC) ஃபைல் ஃபார்மேட்டுக்கு மாத்தி, ஆர்டர் நம்பர்படி சார்ட் பண்ணியே எழுதுங்க, அதுல 10,000 வரிக்கொருக்கா மினிமம், மேக்சிமம் மதிப்பு குறிச்சிருக்கும், வேண்டாதத தாண்டிப் போயிரும்.

ஆனா ஆர்டர் நம்பர்லயே பார்ட்டிசன் மட்டும் போட்டுறாதீங்க சாமி. திருப்பூர்ல இருந்தப்ப நான் பில் நம்பர்ல போட்டு, 128 எம்பி ப்ளாக் இருக்கற எடத்துல 2 கேபி ஃபைலா லட்சக்கணக்குல குமிஞ்சு, எந்த ஃபைல் எங்க இருக்குதுன்னு கணக்கு வெச்சிருக்கற நேம்நோடு சர்வரோட மெமரி திணறி, ராத்திரி பூரா தூங்குல.

தெனமும் ஒத்த வரி தேடறதுதான் வேலைன்னா அந்த டேபிள் ஆரக்கிள்லயே இருக்கட்டுமுங்க.